வெட்டி எடுத்த துண்டு: நகலா, ஜன்னலா?

பைத்தானின் கணக்கு நூலகமான நம்பையில் (NumPy) ஒரு பெரிய அரேயிலிருந்து, அதாவது எண் அடுக்கிலிருந்து, ஒரு பகுதியை எடுத்துக் கணக்குப் போடுகிறோம். விடை சரியாக வருகிறது. அரை மணி நேரம் கழித்து மூல அரேயைத் தொட்டால் அதிலும் எண்கள் மாறிக் கிடக்கின்றன. மேட்லேப் என்ற கணக்கு மென்பொருளிலிருந்து வருபவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுவார்கள். அங்கே ஒரு பகுதியை வேறு பெயரில் எடுத்துவிட்டால், அதில் என்ன மாற்றினாலும் மூலத்துக்கு ஆபத்தில்லை. ஜூலியா என்ற நிரல்மொழியிலும் ஸ்லைஸ் (வெட்டி எடுத்த துண்டு) என்றால் நகல்தான். வியூ, அதாவது மூலத்தையே காட்டும் துண்டு, வேண்டுமென்றால் தனியாகக் கேட்க வேண்டும். நம்பையில் நேர்மாறு.

கடல் மேற்பரப்பு வெப்பநிலையை வைத்துப் பார்ப்போம். உலகம் முழுக்க ஒரு பாகைக்கு ஒரு கட்டம், ஓராண்டு, தினம் ஒரு மதிப்பு. நாள், அட்சம், தீர்க்கம் என்ற வரிசையில் 365 × 180 × 360. எண் ஒன்றுக்கு 8 பைட் என்றால் மொத்தம் 189 எம்பி. அட்சம் தெற்கே −90இல் தொடங்குகிறது, தீர்க்கம் 0இல். வங்காள விரிகுடா மட்டும் வேண்டும்:

வங்கம் = கடல்[:, 95:112, 80:95]

(பைத்தான் 3இல் மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாம். இந்த வரி அப்படியே ஓடும். ஆனால் கீழே வரும் காப்பி, நேன் போன்ற நம்பையின் சொந்தப் பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும். தனிக் காலன் என்றால் எல்லா நாளும்; 95:112 என்றால் 95 முதல் 111 வரை.)

இந்த வரியில் ஓர் எண்கூட இடம் மாறவில்லை. நம்பை செய்தது, தொடக்க இடத்தை 274240 பைட் தள்ளி வைத்து, 365 × 17 × 15 என்று புதிய அளவை எழுதிக்கொண்டது மட்டும்தான். அடுத்த நாளுக்குப் போக 518400 பைட், அடுத்த அட்சத்துக்கு 2880, அடுத்த தீர்க்கத்துக்கு 8 என்ற ஸ்ட்ரைட் (தாண்டும் தூரம்) கணக்கு மூலத்தில் இருந்தபடியே இருக்கிறது. இதுதான் வியூ. அதே எண்களை வேறு ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம்.

ஆகவே, வங்கம் -= சராசரி என்று எழுதினால் கடல் அரேயில் வங்காள விரிகுடா மட்டும் பூஜ்யத்தைச் சுற்றிய எண்களாகிவிடும். வங்கம் = வங்கம் - சராசரி என்று எழுதினால் புதிய அரே பிறக்கும், மூலம் தப்பிக்கும். இரண்டும் ஒன்றுதான் என்று கண்ணுக்குத் தோன்றுவதுதான் தொல்லை. சந்தேகம் இருந்தால் ஷேர்ஸ்_மெமரி என்ற ஃபங்ஷனில் இரண்டு அரேயையும் கொடுத்துக் கேட்டுவிடலாம்.

நகலுக்கு ஸ்லைஸின் கடைசியில் .காப்பி() சேர்த்தால் போதும். பாதுகாப்பைத் தவிர இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வங்கத்தின் சொந்த அளவு 745 கேபி. ஆனால் அது வியூவாக இருக்கும்வரை, கடல் என்ற பெயரை அழித்தாலும் 189 எம்பியும் மெமரியில் அப்படியே நிற்கும். வருடத்துக்கு ஒரு கோப்பாக 40 கோப்புகளைத் திறந்து, துண்டுகளை ஒரு லிஸ்ட்டில் சேர்த்தால், 30 எம்பிக்கு வரவேண்டியது 7.6 ஜிபி ஆகும்.

காலனுக்குப் பதில் எண் பட்டியலோ, உண்மை-பொய் மாஸ்க்கோ கொடுத்தால் கதை மாறும். அப்போது வருவது எப்போதும் நகல். இதில் இரண்டு வம்பு. கடல்[கடல் < -100] = நேன் (NaN, ‘எண் இல்லை’ என்ற குறி) என்று எழுதினால், −999 என்று குறிக்கப்பட்ட விடுபட்ட மதிப்புகள் ஒழுங்காக மாறும். கடல்[மாஸ்க்][:10] = நேன் என்று எழுதினால் எதுவும் மாறாது. முதல் அடைப்பு ஒரு நகலைத் தருகிறது, இரண்டாவது அந்த நகலில் எழுதுகிறது, அடுத்த நொடி அது குப்பைக்குப் போகிறது. பிழைச் செய்தியும் கிடையாது. அடுத்த வம்பு: அட்சத்துக்கு [95, 100, 105], தீர்க்கத்துக்கு [80, 85, 90] கொடுத்தால் 9 கட்டங்கள் வராது. ஜோடி ஜோடியாகச் சேர்த்து 3 புள்ளிகள்தான் வரும். 9ம் வேண்டுமென்றால் ஐஎக்ஸ்_ என்ற ஃபங்ஷனில் இரண்டு பட்டியலையும் போட்டுக் கொடுக்க வேண்டும்.

விளிம்பில் நடப்பது இதைவிட மோசம். 15 நாள் நகரும் சராசரிக்கு கடல்[ந-7:ந+8] என்று எழுதுகிறோம்; ந என்பது நாளின் எண். ந = 3 என்றால் அது [-4:11]. நம்பை −4ஐக் கடைசியிலிருந்து எண்ணி 361 என்று எடுத்துக்கொள்ளும். 361இலிருந்து 11 வரை ஒன்றும் இல்லை, வெற்று அரே வரும். அதன் சராசரி நேன், கூடவே பலரும் படிக்காத ஓர் எச்சரிக்கை. தொடக்கத்தில் ந-7, 0 இரண்டில் பெரியதைப் போடுங்கள். மறுமுனையில், ந = 360 என்றால் கேட்டது 15 நாள், கிடைப்பது 12. அங்கே எச்சரிக்கைகூட வராது.

இதே கோளாறு தீர்க்கம் 0ஐத் தாண்டும் கினி வளைகுடாவிலும் வரும். [350:10] என்பதும் வெற்று. −10 முதல் 9 வரையான எண்களை அரேஞ்ச் (arange) என்ற ஃபங்ஷனில் உண்டாக்கி, அதைப் பட்டியலாகக் கொடுத்தால் 350 முதல் 359, பிறகு 0 முதல் 9 என்று ஒழுங்காக வரும். பட்டியல் என்பதால் நகலும் கூட.

துண்டைத் திரும்ப ஒட்டும்போது வகையைக் கவனியுங்கள். இலக்கு அரே முழு எண் வகை என்றால் 28.67 சத்தமில்லாமல் 28 ஆகும். காப்பிடூ என்ற ஃபங்ஷன் வழியாக ஒட்டினால் அது மறுத்துப் பிழை எறியும்; எனக்கு அதுதான் பிடிக்கும். ஒரே அரேக்குள் ஒன்றன்மேல் ஒன்று படியும் துண்டுகளை, அதாவது அ[1:] += அ[:-1] போன்றதை, 2017இல் வந்த 1.13 பதிப்புக்குப் பிறகு பயமில்லாமல் எழுதலாம்.

கடைசியாக வேகம். கடல்[:, 100, 85] என்று ஒரு கட்டத்தின் ஆண்டுத் தொடரைப் படித்தால், 8 பைட் எண் ஒவ்வொன்றுக்கும் வழக்கமான ப்ராசஸர் 64 பைட் கேஷ் லைனை (மெமரியிலிருந்து ஒரே தடவையில் எடுக்கும் தொகுதியை) இழுத்து, மீதி 56ஐ வீணடிக்கும். ஒரு கட்டத்துக்குப் பரவாயில்லை, 64800 கட்டத்துக்கும் என்றால் உறைக்கும். நாள் அச்சைக் கடைசிக்குத் தள்ளி ஒருமுறை நகல் எடுத்துவிடுங்கள்: கடல்.ட்ரான்ஸ்போஸ்(1, 2, 0).காப்பி(). நகல் எடுக்கும் நேரத்தில் இரண்டுக்குமாக 378 எம்பி தேவை. காப்பி என்பதை இங்கே அரேயின் மெதடாகவே கூப்பிட வேண்டும். அதே பெயரில் நம்பையின் தனி ஃபங்ஷன் ஒன்று உண்டு. அது மெமரியில் இருக்கும் பழைய அடுக்கு வரிசையை அப்படியே காப்பாற்றிவிடும், 189 எம்பி நகல் எடுத்தும் வேகம் கொஞ்சமும் கூடாது.