கொப்பியில் நிறைந்திருக்கும் 'ஐ'

மார்ச் 3, திங்கள்

வெள்ளவத்தையில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பின்னேர வகுப்பு. காலி முகத்திடலைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பந்தி எழுதச் சொன்னேன். ஒரு பிள்ளையின் கொப்பியில் எல்லா வாக்கியமும் 'ஐ' என்றே தொடங்கியது: 'ஐ வென்ட் டு கோல் ஃபேஸ். ஐ சோ தி ஸீ. ஐ ஏட் அன் இஸ்ஸோ வடே. ஐ ஃப்ளூ எ கைட்.' இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. ஆனாலும் கடைச் சிட்டையை வாசிப்பது போல இருந்தது.

"ஐ இல்லாமல் எப்படி மிஸ் தொடங்குறது?"

தமிழில் சொல்லச் சொன்னேன். "காலி முகத்திடலுக்குப் போய், இறால் வடை சாப்பிட்டபடி கடலைப் பார்த்தேன். பிறகு பட்டம் விட்டேன்." இதில் 'நான்' வரவே இல்லை; வினைமுற்றே ஆளைக் காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் 'ஐ'யை விட முடியாது, ஆனால் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். 'ஈட்டிங் அன் இஸ்ஸோ வடே, ஐ வொட்ச்ட் தி ஸீ. தென் கேம் தி கைட்.' நீளமான ஒன்றுக்குப் பின்னால் குட்டியாக ஒன்று. பட்டம் கடைசிச் சொல்லாக வந்ததால் கண் அதிலேயே நிற்கிறது. ஆங்கில வாக்கியத்தில் பெரும்பாலும் முடிவில்தான் கனம் விழும்.

மார்ச் 5, புதன்

புது முறையோடு புதுப் பிழையும் வந்தது. 'வோக்கிங் அலோங் தி பீச், தி சன் வென்ட் டவுன்.' இப்படி எழுதினால் கடற்கரையில் நடந்தது சூரியன்! 'நடக்கும்போது சூரியன் மறைந்தது' என்பது தமிழில் சரி என்பதால் பிள்ளைகளுக்கு இது உறுத்துவதில்லை. 'கடற்கரையோரம் நடந்து, சூரியன் மறைந்தது' என்று சொல்லிக் காட்டினேன். உடனே பிடிபட்டுவிட்டது. 'ஆஸ் ஐ வோக்ட்' என்று அவர்களே திருத்தினார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

உயர்தரப் பரீட்சையில் பொது ஆங்கிலப் பாடத்தின் புள்ளி பல்கலைக்கழக அனுமதிக்குச் சேராது என்பதால் பலர் அதைத் தொடுவதே இல்லை. எனக்கு அது பெரிய கவலை. வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போதுதான் அந்த இழப்பு தெரியும்.

இன்று அமெரிக்க ஜனாதிபதி லிங்கன் 1863இல் கெட்டிஸ்பர்க்கில் ஆற்றிய உரையை எடுத்தேன். மொத்தம் சுமார் 270 சொற்கள்தான். முதல் வாக்கியம் ஆளில் தொடங்காமல் காலத்தில் தொடங்குகிறது. கடைசி வாக்கியம் மட்டும் 80 சொற்களைத் தாண்டும். இடையில் சின்னச் சின்ன வாக்கியங்கள் வருவதால்தான் அந்த நீளம் தாங்குகிறது. உரக்க வாசிக்க வைத்தேன், எங்கே மூச்சு வாங்கினார்களோ அங்கே பென்சிலால் கோடு போடச் சொன்னேன். அடுத்த வகுப்பில் அவரவர் பந்திக்கும் இதே கோடுதான்.