ஸ்லாலம் ஸ்கீயிங்குக்கு ஒரு பழைய படகு: எட்டு மாத அலைச்சல்

போன வெள்ளிக்கிழமைதான் பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்தது. தேட ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. இரண்டு வெளியூர்ப் பயணம், திரும்பி வராத இருபத்தைந்தாயிரம் ரூபாய், ஒரே கவுன்டருக்கு நான்கு நடை. படகு கயிற்றால் இழுக்க, ஒற்றை ஸ்கீ பலகையில் நின்று தண்ணீர்மேல் மிதவைகளைச் சுற்றிச் சுற்றிப் போவதுதான் ஸ்லாலம். சென்னையில் அதற்காகப் பழைய படகு தேடுபவர்கள் ரொம்பக் குறைவு, எனக்கு வழி சொல்ல ஒருவரும் கிடைக்கவில்லை. அடுத்து தேடுபவருக்காவது இது உதவட்டும்.

துபாயில் வேலை பார்த்தபோது பழகிய விளையாட்டு இது. ஊருக்குத் திரும்பிய பிறகு இன்னும் இரண்டு நண்பர்கள் சேர்ந்துகொண்டார்கள். மூன்று பேரும் பணம் போட்டு, எட்டு லட்சத்துக்குள் ஒரு படகு என்று முடிவு செய்தோம். ஈசிஆர் பக்கம் உப்பங்கழியில் ஓட்ட அனுமதி வாங்கியது சுலபமாகவே முடிந்தது. படகுதான் கிடைக்கவில்லை.

நான் செய்த முதல் தவறு, 'அசல் ஸ்கி படகு'தான் வேண்டும் என்று அடம்பிடித்தது. மாஸ்டர்கிராஃப்ட், ஸ்கி நாட்டிக், மலிபு என்று போட்டிகளில் இழுக்கும் படகுகள் உண்டு. அவற்றில் இன்ஜின் நடுவயிற்றில் இருக்கும், கயிறு கட்டும் கம்பமும் அதற்குப் பக்கத்திலேயே நிற்கும். ஸ்கி ஆடுபவர் மிதவையைச் சுற்றி வந்து மொத்த உடம்பையும் சாய்த்து இழுக்கும்போது படகின் பின்புறம் பக்கவாட்டில் இழுபடாது. அடியில் இருக்கும் துடுப்புத் தகடுகள் நேர்கோட்டை விடாது. பின்னால் எழும் அலையும் மெலிசாக இருக்கும். ஆறு மிதவை, 259 மீட்டர் பாதை, 18.25 மீட்டர் கயிறு என்று துபாயில் ஆடியதெல்லாம் அப்படிப்பட்ட படகுக்குப் பின்னால்தான். மனசு அதையே கேட்டது.

கொச்சியில் ஒன்று விற்பனைக்கு இருப்பதாகத் தெரிந்தது. தொண்ணூறுகளில் செய்த படகு, பெரிய வி8 இன்ஜின், விலை பதினொன்று, பேசினால் ஒன்பதுக்கு இறங்குவார் என்றார்கள். ஆலப்புழா எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி, காலையில் எர்ணாகுளத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தால், படகு ஷெட்டுக்குள் கட்டைமேல் உட்கார்ந்திருக்கிறது. ட்ரெய்லர் டயர் வெடித்துவிட்டது, தண்ணீரில் இறக்க முடியாது என்று அப்போதுதான் சொல்கிறார் விற்பவர். முந்தின நாள் போனில் பேசும்போது இந்தப் பேச்சே இல்லை. தயவுசெய்து இதை மனதில் வையுங்கள்: அன்றைய தேதியில் தண்ணீரில் ஓடும் வீடியோ வராமல் டிக்கெட் போடாதீர்கள்.

வந்ததற்கு இறங்கித்தான் பார்ப்போம் என்று இன்ஜின் மூடியைத் திறந்தேன். படகின் நீளத்துக்கும் இரண்டு தாங்குகட்டைகள் ஓடும், ஸ்ட்ரிங்கர் என்பார்கள். பழைய படகுகளில் இது மரம், மேலே ஃபைபர் பூசியிருக்கும். இன்ஜின் முழுக்க இந்தக் கட்டைகள்மேல்தான் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறது. பலாப்பழத்தைத் தட்டுவது போல ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் தட்டிக்கொண்டே வந்தேன். முன்பக்கம் டக் டக் என்று கெட்டியாகக் கேட்ட சத்தம், இன்ஜின் பக்கம் வந்ததும் பொத்தென்று அமுங்கிவிட்டது. அப்புறம் ஸ்பேனர் கேட்டு வாங்கி இன்ஜினைப் பிடித்திருந்த போல்ட் ஒன்றைத் திருகினேன். நல்ல மரத்தில் அது இறுகி நிற்க வேண்டும். இது சுற்றிக்கொண்டே இருந்தது. வெளியே இழுத்தால் மறையில் காப்பிப்பொடி மாதிரி ஈர மரத்தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. விற்பவர் பேசாமல் என் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கிக்கொண்டார்.

கட்டையை மாற்றுவதென்றால் இன்ஜினைத் தூக்கி, தரையை அறுத்து, எல்லாம் புதிதாகப் போட வேண்டும். படகு விலையே இன்னொரு முறை ஆகும். அன்று ராத்திரியே ரயில் ஏறிவிட்டேன்.

அந்தக் கட்டை நன்றாக இருந்திருந்தால் வாங்கியிருப்பேன், வாங்கியிருந்தால் இன்னும் பெரிய நஷ்டம் என்பது அப்புறம்தான் புரிந்தது. புரியவைத்தவர் காசிமேட்டில் அவுட்போர்டு இன்ஜின், அதாவது படகின் பின்பலகையில் வெளியே மாட்டும் இன்ஜின், பார்க்கும் ஒரு மெக்கானிக். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை முட்டுக்காடு பக்கம் கூட்டிப்போய், நாங்கள் ஓட்டப்போகும் இடத்தைக் காட்டினேன். அவர் எதுவும் சொல்லாமல் ஒரு மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு சின்னப் படகில் ஏறி, நாலைந்து இடத்தில் குத்திப் பார்த்தார். ஓர் இடத்தில் இடுப்பளவு. பத்தடி தள்ளி முழங்கால் அளவு. "தம்பி, முகத்துவாரம் மணல் மூடிச்சுன்னா இந்த ஆழமும் நிக்காது. நீங்க சொல்ற படகுல காத்தாடி வயித்துக்கு அடியில இருக்கு. ஒரு தடவை தட்டுச்சுன்னா ஷாஃப்டே வளைஞ்சிடும். அவுட்போர்டுன்னா தூக்கிக்கலாம்" என்றார். காத்தாடி என்று அவர் சொன்னது ப்ரொப்பெல்லரை.

உப்பைப் பற்றியும் அவர்தான் சொன்னார். அந்தப் போட்டிப் படகுகள் பெரும்பாலும் நன்னீர் ஏரிகளுக்காகச் செய்தவை. வெளித்தண்ணீரையே நேராக இழுத்து இன்ஜினைக் குளிர்விக்கும் வகை என்றால், உப்புத்தண்ணீரில் புகைபோக்கிக் குழாய்கள் உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்து ஓட்டையாகும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். மாற்றுப் பொருள் இங்கே கடையில் கிடைக்காது, வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். 115 குதிரைத்திறன் அவுட்போர்டுக்கு வேண்டியது சென்னையிலேயே கிடைக்கும். படகின் பெயரைப் பார்த்துத் தேடாமல், ஓடப்போகும் தண்ணீரைப் பார்த்துத் தேடியிருந்தால் மூன்று மாதம் மிச்சமாகியிருக்கும்.

இரண்டாவது படகு ஒரு புரோக்கர் மூலம் பாண்டிச்சேரியில். பார்க்க நன்றாக இருந்தது, "இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்காங்க" என்றார், இருபத்தைந்தாயிரம் டோக்கன் கொடுத்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து வந்த பில்லில் ஓர் எண், இன்ஜின் பிராக்கெட்டில் இருந்த தகட்டில் வேறு எண். கேட்டால் இன்ஜின் மாற்றியது என்றார்கள், மாற்றிய இன்ஜினுக்குக் காகிதம் இல்லை. பதிவுக்கு அது செல்லாது. டோக்கன் போனது போனதுதான். முதல் நாளே தகட்டை போட்டோ எடுத்து, பில்லோடு ஒப்பிட்ட பிறகுதான் பத்து ரூபாய் கூடக் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, ஈசிஆரிலேயே ஒரு ஷெட்டில் கிடந்தது. 17 அடி, உள்ளூரில் செய்த ஃபைபர் உடம்பு, 115 குதிரைத்திறன் நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு. கேட்டது ஏழே முக்கால். இந்த முறை மெக்கானிக் அண்ணனைக் கூடவே கூட்டிப்போனேன். அவர் முதலில் இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே இல்லை. கீழே கியர் ஆயில் திருகைக் கழற்றி விரல் வைத்துப் பார்த்தார். எண்ணெய் பால் டீ நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். சுத்தமாக வந்தது. பிறகு கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம். நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருந்தன. இன்ஜினைப் பிடித்திருக்கும் பின்பலகையில் ஏறி நின்று ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. அதன் பிறகுதான் "தண்ணியில இறக்குங்க" என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வெறும் படகை ஓட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. ஓட்டுநர், பின்னால் பார்த்துக்கொண்டிருப்பவர், ஸ்கி ஆடுபவர், முழு டேங்க் பெட்ரோல், எல்லாம் இருக்க வேண்டும். நாங்கள் அப்படிச் செய்ததால்தான் குறை தெரிந்தது. என் நண்பர் 82 கிலோ. ஒற்றை ஸ்கீயில் ஆழத்தண்ணீரிலிருந்து எழ முயன்றார். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு திணறியது, அவர் மார்பளவு தண்ணீரிலேயே இழுபட்டு, கடைசியில் கைப்பிடியை விட்டுவிட்டார். முழு த்ராட்டிலிலும் இன்ஜின் நிமிடத்துக்கு 4,900 சுற்றுதான் வந்தது. அந்த இன்ஜினுக்கு 5,000 முதல் 6,000 வரை வர வேண்டும். போட்டிருந்த ப்ரொப்பெல்லர் 19 இன்ச் பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்குக் கணக்குப்படி அத்தனை இன்ச் முன்னால் போகும். 17 போட்டால் சரியாகும் என்றார் அண்ணன். அதைக் காட்டியே பேரம் பேசி ஏழுக்கு முடித்தோம். மாற்றிய பிறகு 5,300 வருகிறது, நண்பர் முதல் இழுப்பிலேயே எழுந்துவிட்டார். கரையில் நின்ற மூன்று பேரும் கத்தியதில் கொக்குகள் எல்லாம் பறந்துவிட்டன.

ஸ்பீடோமீட்டரை நம்ப வேண்டாம். முள் 49 கிலோமீட்டர் காட்டியபோது போனில் இருந்த ஜிபிஎஸ் 43 காட்டியது.  இப்போது ஜிபிஎஸ்ஸும் ஸ்டாப்வாட்சும்தான். 49 கிலோமீட்டர் வேகத்தில் 259 மீட்டரைக் கடக்க 19 விநாடி, 55 என்றால் 17 விநாடிக்குக் கொஞ்சம் குறைவு. வேகத்தைத் தானாகப் பிடித்துவைக்கும் கருவி எங்களிடம் இல்லை, கைதான். பின்னால் எழும் அலை பெரிதாக இருந்ததற்கு பேட்டரியையும் பெட்ரோல் டேங்க்கையும் முன்னால் நகர்த்தினோம். நன்றாகவே குறைந்தது.

சரி, காகிதம். மத்திய அரசின் உள்நாட்டுக் கலன்கள் சட்டம் 2021-இல் வந்தது, 1917-ஆம் வருடச் சட்டத்துக்குப் பதிலாக. ஆய்வு, பதிவு, காப்பீடு எல்லாம் அதில் உண்டு. பெயர் மாற்றத்துக்கு எல்லாக் காகிதமும் இருக்கிறது என்றுதான் கவுன்டருக்குப் போனேன். முதல் முறை, பார்க்க வேண்டிய அதிகாரி லீவு. இரண்டாம் முறை, படகு கட்டியவரின் சான்றிதழ் எங்கே என்றார் எழுத்தர். கட்டிய பட்டறையை மூடி ஆறு வருடமாகிறது. அதைச் சொன்னால், "அது உங்க பிரச்சினை சார்" என்று ஃபைலை என் பக்கம் தள்ளிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். வேறு என்ன கொண்டுவந்தால் செல்லும் என்று இரண்டு தடவை கேட்டேன். பதிலே இல்லை. மூன்றாம் முறை பழைய உரிமையாளரையே கூட்டிப்போனேன், அவரிடமும் அதே பதில். ஏழு லட்சம் கொடுத்தாயிற்று, படகை அசைக்க முடியாது. அந்த இரண்டு வாரம் சரியாகத் தூங்கவில்லை.

வழி கிடைத்தது முதலுதவிப் பெட்டிக்குள். படகைக் கழுவும்போது அதைத் திறந்தேன். காலாவதியான மருந்துகளுக்கு அடியில் பழைய காப்பீட்டு அட்டை, பாலிசி எண்ணோடு. படகுக்கு முதன்முதலில் காப்பீடு எடுக்கும்போது கட்டியவர் சான்றிதழைக் கேட்டிருப்பார்களே என்று தோன்றியது. அந்தக் கிளைக்குப் போனேன். அங்கிருந்த அம்மா ஒருவர் பழைய ஃபைல்களை இறக்கச் சொல்லி, ஒரு மணி நேரம் கழித்து நகலை எடுத்துக் கொடுத்தார், கையெழுத்தும் முத்திரையும் போட்டு. நான் நன்றி சொன்னதும் "கடல் பக்கம் ஜாக்கிரதையா ஓட்டுங்க தம்பி" என்றார். நான்காம் முறை கவுன்டரில் எழுத்தர் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போய், வந்து, ஒன்றும் சொல்லாமல் ரசீது எழுதினார்.

பழைய படகு வாங்குபவர்கள், விற்பவரிடம் முதல் காப்பீட்டு பாலிசியைக் கேளுங்கள். எண் மட்டும் இருந்தால் கூடப் போதும். கட்டியவர் சான்றிதழை உங்கள் கண்ணால் பார்க்காமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள்.

இப்போது ஒவ்வொரு முறை ஓட்டி முடித்ததும் பதினைந்து நிமிடம் நல்ல தண்ணீர் விட்டு இன்ஜினைக் கழுவுகிறோம். ஆறு மிதவைக்கான கயிறும் நங்கூரக் கற்களும் தயார். படகின் இரண்டு பக்கமும் பதிவு எண் எழுத பெயின்டர் நாளைக் காலை ஏழு மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.