ஒரு சுற்று ஓடியவளின் திசைவேகம்

சென்ற வாரம் ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவி கோபத்தோடு எழுந்து நின்றாள். எங்கள் பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்ட 200 மீட்டர் ஓடுபாதை இருக்கிறது. அதில் ஒரு சுற்றை அன்று காலைதான் 40 நொடியில் ஓடி முடித்திருந்தாள். அதையே கரும்பலகையில் கணக்காகப் போட்டேன். சராசரி வேகம் நொடிக்கு 5 மீட்டர். சராசரித் திசைவேகம் சுழி.

"அப்படியென்றால் நான் ஓடவே இல்லையா, டீச்சர்?"

புறப்பட்ட கோட்டிலேயே வந்து நின்றதால் இடப்பெயர்ச்சி இல்லை, ஆகவே சுழி என்று சொல்லி அவளை உட்கார வைத்திருக்கலாம். மனம் வரவில்லை. 'திசையோடு கூடிய வேகமே திசைவேகம்' என்று பிள்ளைகள் மதிப்பெண்ணுக்காக ஒப்பித்துவிடுகிறார்கள். திசை எதற்கு என்று கேட்பவர் அபூர்வம். (இலங்கைப் பாடநூல்களில் நாம் வேகம் என்பதைக் கதி என்றும், திசைவேகத்தை வேகம் என்றும் எழுதுகிறார்கள். எனக்கு நம் சொல்தான் பிடித்திருக்கிறது. திசை சொல்லிலேயே நிற்கிறது.)

அவளை வெளியே அழைத்துப் போனேன். எங்கள் பக்கம் பனைக்குப் பஞ்சமில்லை. காய்ந்த பனங்கொட்டை ஒன்றை நாரில் இறுகக் கட்டிக் கொடுத்து, தலைக்கு மேலே ஒரே சீராகச் சுற்றச் சொன்னேன். கொட்டையின் வேகம் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆனால் நார் அவள் விரலை அறுத்துக்கொண்டிருந்தது. "விடு" என்றேன். விட்ட கணத்தில் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ, அந்தப் பக்கமாகவே நேராகப் பறந்து செம்மணலில் விழுந்தது. ஆள்காட்டி விரலில் சிவப்பாக ஒரு தடம். வேகம் மாறவே இல்லையே, பிறகு எதற்காக அவ்வளவு நேரமும் இழுத்துக்கொண்டிருந்தாய் என்று கேட்டேன். தடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "திருப்புவதற்கு" என்றாள்.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் காத்திருந்தேன். வேகம் அப்படியே இருந்தாலும் திசை மாறினால் திசைவேகம் மாறிவிட்டது. அதை மாற்ற விசை வேண்டும். எங்கள் தூத்துக்குடி மாவட்டத்தில் குலசேகரன்பட்டினத்துக்கு ராக்கெட் ஏவுதளம் வருவதற்குக் காரணமும் இதுதான். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு, அதாவது பூமியின் இரு துருவங்களுக்கும் மேலாகச் சுற்றும் பாதைக்கு, கிளம்பும் ராக்கெட் நேர் தெற்கே போக முடியாது. இலங்கையின் மேல் பறக்கக் கூடாது என்பதால் முதலில் தென்கிழக்கே விலகிப் போய், பிறகு கடலுக்கு மேலே தெற்கு நோக்கித் திரும்ப வேண்டும். அந்தத் திருப்பம் எரிபொருளைத் தின்கிறது. பெரிய ராக்கெட் தாங்கிக்கொள்ளும். சிறிய ராக்கெட்டோ சுமந்து செல்லும் செயற்கைக்கோளின் எடையைக் குறைத்துக்கொள்ள நேரும். குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கே திறந்த கடல்தான். 2024 பிப்ரவரியில் அங்கே அடிக்கல் நாட்டினார்கள்.

கேட்டுக்கொண்டே வந்தவள் வகுப்பு வாசலில் நின்றுவிட்டாள். "செயற்கைக்கோள் ஒரு சுற்றை எவ்வளவு நேரத்தில் முடிக்கும், டீச்சர்?"

500 கிலோமீட்டர் உயரத்தில் நொடிக்கு ஏறத்தாழ 7.6 கிலோமீட்டர் வேகம், ஒரு சுற்றுக்கு 95 நிமிடம் போல ஆகும் என்றேன்.

"சுற்றி முடித்தால் அதற்கும் சராசரித் திசைவேகம் சுழிதானே?"

பூமியின் மையத்தை வைத்துப் பார்த்தால் சுழிதான் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. நாரை விரலில் சுற்றிக்கொண்டே உள்ளே போய் உட்கார்ந்தாள்.