அல்லைப்பிட்டிக் கிண்ணம்

யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பி மூன்று நாளாகிறது. பஸ், தங்குமிடம், செலவு என்று வரிசையாக எழுதித் தருகிறேன் என்று தோழிகளிடம் சொல்லியிருந்தேன். எழுதுகிறேன், ஆனால் அதற்கு முன், யாழ்ப்பாணத்தை ஒட்டிய வேலணைத் தீவில் அல்லைப்பிட்டி என்ற ஊருக்கு ஒரு மண்பாண்டக் கலைஞரைப் பார்க்கப் போன கதை. அதிலும் முதலில் அந்த ஓட்டோ.

அல்லைப்பிட்டி வழியாகப் போகும் குறிகட்டுவான் பஸ் கண்ணெதிரே போய்விட்டது. அடுத்தது எப்போது என்று கேட்டால் ஆளுக்கொரு நேரம் சொன்னார்கள். "உந்த வெயிலுக்கை ஏன் நிக்கிறியள் தங்கச்சி, ஏறுங்கோ" என்றார் ஓர் ஓட்டோக்காரர். அல்லைப்பிட்டிக்கு 1500 இலங்கை ரூபா என்று பேசித்தான் ஏறினேன். இறங்கும்போது 2500 கேட்டார். திரும்பி வெறும் வண்டியாகப் போக வேண்டுமாம், அதற்கும் சேர்த்தாம். இதை ஏறும்போதே சொல்லியிருக்க வேண்டும். ஒரு நாள் சாப்பாட்டுக்கே நான் 2000 தான் ஒதுக்கியிருந்தேன். வீட்டு வாசலில் நின்று சண்டை போட மனமில்லாமல் கொடுத்துவிட்டேன், ஆனால் கோபம் இன்னும் போகவில்லை. தீவுப் பக்கம் போகிறவர்கள் திரும்பும் காசையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். பண்ணைப் பாலத்தில் இரண்டு பக்கமும் கடல், அதில் கம்பு நட்டுக் கட்டிய வலைகள், வலைக்கம்பு ஒவ்வொன்றிலும் ஒரு கொக்கு. அந்தக் காட்சிக்கு மட்டும் எவ்வளவு கொடுத்தாலும் தகும்.

இனி அந்த மண்பாண்டக் கலைஞர். பெயர் போட வேண்டாம் என்றார், அதனால் அக்கா என்றே எழுதுகிறேன். அவருடைய அப்பப்பா வேலணைக்காரர். பிரிட்டிஷ் காலத்தில் இங்கிருந்து எத்தனையோ பேர் மலாயா ரயில்வேக்கு வேலைக்குப் போனார்களே, அப்படிப் போனவர். அக்காவின் அம்மா மலேசியாவின் ஈப்போ நகரத்தைச் சேர்ந்த சீனப் பெண். ஈப்போ வீட்டில் அப்பம்மாவோடு தமிழ், அம்மாவோடு கண்டோனீஸ், தெருவில் மலாய்.

அந்தச் சமையலறையில் மூன்று பாத்திரங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தனவாம். அப்பம்மாவின் தண்ணீர் முட்டி, அதாவது மண்பானை. அம்மா உப்பில் கீரை ஊறப்போடும், பழுப்பாகப் பளபளக்கும் சீனச் சாடி. அடுத்த வீட்டு மலாய் அம்மா கொடுத்த 'லாபு சாயோங்'. சுரைக்காய் வடிவில் இருக்கும் இந்தக் கறுப்புக் கூஜா பேராக் மாநிலத்துச் சாயோங் ஊரில் செய்வது. சுட்ட சூட்டோடு உமிக்குள் புதைத்துக் கறுப்பேற்றுவார்கள். "மூண்டையும் கழுவி வைக்கிறது என்ர வேலை. கைக்கு அப்பவே பாடமாப் போச்சு" என்றார் அக்கா.

பல பண்பாட்டுக் கலை என்றாலே ஒரு பக்கம் கோலம், மறுபக்கம் டிராகன் என்று தீட்டி வைப்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. அக்காவின் பாத்திரங்களில் ஒரு சித்திரம்கூட இல்லை. வயிறு முட்டியுடையது, கழுத்து சுரைக்காயுடையது, மேலே சாடியின் பளபளப்பு. எந்த இடத்தில் ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று விரலால் தடவித் தேடினேன். கிடைக்கவில்லை.

மண் விஷயத்தில் யாழ்ப்பாணம் அவரைப் படாத பாடு படுத்தியிருக்கிறது. குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக் கல். களிமண்ணுக்குள் கடுகளவு சுண்ணாம்புக் கல் கிடந்தாலும் சூளையில் அது சுட்ட சுண்ணாம்பாகிவிடும். பிறகு காற்றின் ஈரத்தைக் குடித்துப் பருத்து, பாத்திரத்தின் தோலைச் சில்லுச் சில்லாகத் தெறிக்க வைக்கும். வந்த புதிதில் செய்த நாற்பது கிண்ணங்களில் முப்பத்தொன்று இப்படித்தான் போயின என்று, அந்தச் சில்லுகளை ஒரு வாளியில் எடுத்து வந்து காட்டினார். இப்போது வெள்ளைக் களிமண் கொழும்புக்குப் பக்கத்துப் பொரலஸ்கமுவவிலிருந்து வருகிறது. இங்கத்தைச் செம்பாட்டு மண்ணைச் சல்லடையில் வடித்து, நிறத்துக்காக மேலே பூசுகிறார். மேலே பளபளக்கும் கண்ணாடிப் பூச்சான கிளேஸுக்கு, விழுந்து கிடக்கும் பனையோலையை எரித்த சாம்பல். சாம்பலில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் பொட்டாசியமும் சேர்ந்தால் மணல் உருகிக் கண்ணாடியாகிவிடுமாம். பச்சை ஓலையை வெட்டுவதே இல்லை. விடியற்காலையில் கடற்கரையில் நடந்து, ஒதுங்கியதைத்தான் பொறுக்குகிறார்.

அப்புறம் ஒன்று காட்டினார். மட்டிச் சிப்பிக்குள் களிமண் அடைத்து, அதன்மேல் கிண்ணத்தை வைத்துச் சுடுகிறார். கிழக்காசியக் குயவர்களின் பழைய முறை இது. சூளையிலிருந்து வந்த கிண்ணத்தின் அடியில் சிப்பி வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீரில் வைத்தார். புஸ்ஸென்று சூடு கிளம்பி, சிப்பி மாவாக உதிர்ந்தது. அடியில் விசிறி போல வரிவரியாக ஒரு தடம் மட்டும் மிச்சம். உள்ளே கிடந்து நாற்பதில் முப்பத்தொன்றை உடைத்த அதே சுண்ணாம்புதான், வெளியே இருந்து இந்தக் கோலத்தைப் போட்டிருக்கிறது! நான் கிண்ணத்தைக் கீழே வைக்கவே இல்லை.

இதை அல்லைப்பிட்டியில் பார்த்ததுதான் பெரிய சந்தோஷம். இந்த ஊர் மண்ணுக்குள் சோங் வம்சக் காலத்துச் (10 முதல் 13-ஆம் நூற்றாண்டு வரை) சீனப் பாத்திர ஓடுகள் கிடைத்திருக்கின்றன. 2018-இல் ஷாங்காய் அருங்காட்சியகத்தாரும் இலங்கை மத்திய கலாசார நிதியத்தாரும் சேர்ந்து இங்கே தோண்டினார்கள். கொஞ்ச தூரத்தில் நயினாதீவில் 12-ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு, பக்கத்துத் துறைமுகமான ஊர்காவற்றுறைக்கு வரும் பிறநாட்டு வணிகர்களைக் காப்பது பற்றிப் பேசுகிறது. கப்பலில் சீனப் பாத்திரம் வந்து இறங்கிய கரையில், ஈப்போவிலிருந்து வந்தவர் உட்கார்ந்து சக்கரம் சுற்றுகிறார்.

மத்தியானம் ஒடியல் கூழ், உலர்த்திய பனங்கிழங்கு மாவில் காய்ச்சுவது. நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் போட்டு, செத்தல் மிளகாய் அரைத்து விட்டு, புளிப்பும் உறைப்புமாக. பிலாவிலையைக் கோலிக் குடித்தோம். கிண்ணம் செய்கிறவர் வீட்டில் இலையா என்று கேட்டேன். "கூழுக்கு இதுதான் ருசி" என்றார். மூன்று தடவை வாங்கிக் குடித்தேன். இந்தப் பயணத்தில் இதற்கு இணையான சாப்பாடு வேறெங்கும் இல்லை.

கிண்ணம் 4500 ரூபா. பையில் இருந்தது 6000. இரண்டு இரவுச் சாப்பாடு பாணும் சம்பலும் என்று முடிவு பண்ணி வாங்கிவிட்டேன், பேரம் பேசவில்லை. திரும்பும்போது பஸ் கிடைத்தது. காங்கேசன்துறையில் கப்பல் ஏறும்போது துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். நாகப்பட்டினம் வரும்வரை கட்டைவிரல் அந்தச் சிப்பித் தடத்தில்தான் இருந்தது. பஸ் நேரமும் தங்குமிடமும் அடுத்த பதிவில்.