கழுக்குன்றத்தில் ஒரு கண்மலர்

இந்தத் தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருக்கழுக்குன்றம் மலையேறி அம்மாவின் வேண்டுதலை முடித்துவிட்டு வந்தோம். எல்லாம் வேதகிரீஸ்வரர் கருணை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடுவில் கொஞ்சம் புலம்பப் போகிறேன்.

வேண்டுதல் என் கண்ணுக்காக. எனக்குப் படம் எடுக்கிற பைத்தியம் உண்டு. வாரம் முழுக்க அலுவலகம், ஞாயிறு விடிந்தால் ஏதாவது ஓர் ஏரிக்கரை. பக்கத்து ஊரில் தேர், தீமிதி என்றால் அங்கேயும் நிற்பேன். அப்படி ஒரு காலையில் பள்ளிக்கரணையில் நின்றுகொண்டிருந்தபோது வலது கண்ணின் ஓரத்தில் மின்னல் மாதிரி வெட்டியது. கூடவே கரும்புள்ளிகள். மறுநாள் பார்வையின் கீழ்ப்பக்கத்திலிருந்து ஒரு கறுப்புத் திரை மேலேறி வந்தது. விழித்திரை விலகிவிட்டது என்றார் மருத்துவர். கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதலாம். உடனே அறுவை சிகிச்சை. கண்ணுக்குள் வாயுவை நிரப்பி, அந்தக் குமிழி விழித்திரையை அழுத்திப் பிடிப்பதற்காகக் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். சாப்பாடு தவிர மற்ற நேரமெல்லாம் தலை கவிழ்ந்தே இருக்கவேண்டும். "சாமிக்கு சாஷ்டாங்கமா விழுந்திருக்கறதா நெனச்சுக்கடா" என்றாள் அம்மா.

வாயு மெல்லக் கரைந்தது, பார்வை வந்தது. ஆனால் நேர்கோடெல்லாம் வளைந்து தெரிந்தது. கதவு நிலை இடுப்பில் ஒடிந்தது போல, மின்கம்பம் பாம்பு போல. விழித்திரை படிய நாளாகும், பொறுமையாக இருங்கள் என்றார்கள். வ்யூஃபைண்டரில் வைத்துப் பார்க்கிற கண் அதுதான். நான் கேமராவை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அம்மா அன்றைக்கே வேண்டிக்கொண்டாள்: "வேதகிரீஸ்வரா, என் புள்ள கண்ணை முன்ன மாதிரி ஆக்கிக் கொடு. என் கால்ல நடந்து மலையேறி வந்து கண்மலர் செலுத்தறேன்."

கண்மலர் என்றால் கண் வடிவில் செய்த வெள்ளித் தகடு. 'என் காலில் நடந்து' என்று சொன்னதுதான் பின்னால் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. இரண்டு முட்டியும் தேய்ந்தவை. "டோலி கிடைக்குமான்னு கேக்கட்டுமா?" என்றால் முறைக்கிறாள். சாமிகிட்ட சொன்னது சொன்னதுதானாம்.

அம்மா பிறந்தது மதுராந்தகம் பக்கம். அங்கிருந்து திருக்கழுக்குன்றத்துக்கு அவர்கள் வண்டி கட்டிப் போன காலத்தில் கழுகு வரும். உச்சிப்பொழுதில் இரண்டு பறவைகள் வந்து பாறையில் உட்கார்ந்து சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் பறந்து போகும். பட்சி தீர்த்தம் என்றே ஊருக்குப் பெயர். சாபம் பெற்ற முனிவர்கள் யுகத்துக்கு இரண்டு பேராகக் கழுகாக வந்து பூஜிக்கிறார்கள். கலியுகத்தில் வருகிறவர்கள் சம்பு, ஆதி. காலையில் கங்கையில் குளியல், நண்பகலில் இங்கே பிரசாதம், அப்புறம் ராமேஸ்வரம், இரவுக்குச் சிதம்பரம். அம்மா தன் பாட்டியின் இடுப்பில் உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறாள். வெள்ளை உடம்பு, மஞ்சள் மூஞ்சி, சிறகு நுனியில் கறுப்பு என்று இன்றும் அப்படியே சொல்வாள். மஞ்சள்முகப் பாறு என்று பறவை பார்க்கிறவர்கள் சொல்வது இதைத்தான். ஊர்ப்பக்கம் பாப்பாத்திக் கழுகு.

மலைக்குப் போவதற்கு முன் வேடந்தாங்கல் போய்விட்டுப் போகலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன். தையில் அங்கே பறவைகள் உச்சத்தில் இருக்கும், கண் சரியானபின் கேமராவை வெளியே எடுக்கவே இல்லை. அம்மா உடனே சம்மதித்தாள். "விரதம் இருந்துதானே வர்றேன், எங்க வந்தா என்ன?"

விடியலில் படாளம் கூட்டுரோட்டில் திரும்பி ஏரிக்கரைக்குப் போனோம். தண்ணீருக்குள் நிற்கிற கடம்ப மரங்கள் முழுக்க நத்தைகுத்தி நாரைகள். கூழைக்கடா, பாம்புத்தாரா, வக்கா, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன் எல்லாம் ஒரே இரைச்சல். கூழைக்கடா இறங்கும்போது தண்ணீரில் காலை நீட்டிச் சறுக்குமே, அதை எடுத்தேன். கண் கூசவில்லை, கோடு வளையவில்லை. கரையில் நெடுநேரம் நிற்க ஆசைதான், ஆனால் மலைக்கோயில் நடை மதியம் சாத்திவிடுவார்கள்.

அம்மா ஒன்று கேட்டாள். "இதுங்க இவ்வளவு தைரியமா இருக்கே, ஊர்க்காரங்க ஒண்ணும் பண்ண மாட்டாங்களா?" மாட்டார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம், அது அந்த ஊருக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். 1798லேயே அப்போதைய செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் பறவைகளைச் சுடக்கூடாது என்று உத்தரவு வாங்கியவர்கள் அவர்கள். தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததெல்லாம் அப்புறம் வந்த மரியாதை. "அப்போ இதுவும் கோயில்தான்" என்று அம்மா ஏரியைப் பார்த்தே ஒரு கும்பிடு போட்டாள்.

செங்கல்பட்டு வந்து கிழக்கே திரும்பி மலையடிவாரம் சேரும்போது வெயில் ஏறிவிட்டது. இங்கேதான் புலம்பல் ஆரம்பம். வண்டி நிறுத்த ஒருவர் சீட்டு கிழித்தார், இருபது அடி தள்ளி இன்னொருவர் "அது செல்லாது" என்று வேறு சீட்டு கிழித்தார். செருப்பு விடவேண்டுமானால் அர்ச்சனைத் தட்டு அவர் கடையில்தான் வாங்கவேண்டும் என்று ஒரு கடைக்காரர். தட்டு என்ன விலை என்று கேட்காதீர்கள். மேலே தேங்காயே கிடைக்காது என்று சத்தியம் செய்தார், பாதிப் படியிலேயே தேங்காய் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஆண்டவன் சந்நிதிக்கு வருகிறவர்களிடம் இப்படியா பிடுங்குவது?

ஐந்நூற்றுச் சொச்சம் படி. சுற்றுலாப் பேருந்துகளில் வந்த கூட்டம் முழுப் படியையும் அடைத்துக்கொண்டு ஏறியது. கைப்பிடிக் கம்பி பக்கம் அம்மாவை விடவே இல்லை. "கொஞ்சம் வழி விடுங்க, வயசானவங்க" என்று நான் சொல்லச் சொல்ல, செல்ஃபி எடுக்கிறவர்கள் படியில் உட்கார்ந்தே இருந்தார்கள். போதாததற்குக் குரங்கு ஒன்று தட்டிலிருந்த வாழைப்பழச் சீப்பை முழுசாகத் தூக்கிக்கொண்டு போனது.

பாதிக்கு மேல் அம்மாவால் முடியவில்லை. ஒரு படி ஏறுவாள், நிற்பாள், முட்டியை இரண்டு கையாலும் அழுத்துவாள். முகம் வெளுத்துவிட்டது. எனக்குப் பயமாகிவிட்டது, இறங்கிவிடலாம் என்றேன். அவள் பதிலே சொல்லவில்லை. "காட்டினாய் கழுக்குன்றிலே" என்று மாணிக்கவாசகரை முணுமுணுத்தாள். இந்தத் தலத்துப் பதிகத்தில் ஒவ்வொரு பாட்டும் அப்படித்தான் முடியும். அந்த அடியைச் சொல்வாள், ஒரு படி ஏறுவாள். மூச்சு வாங்கும், மறுபடி அதே அடி. பின்னால் வந்த ஒரு பெண், முன்பின் தெரியாதவர், கருமாரி கோயிலுக்குப் போகிறவர் போலச் சிவப்புப் புடவை, "வாங்கம்மா" என்று இன்னொரு பக்கத் தோளைப் பிடித்துக்கொண்டார். மேலே போய்ச் சேரும்வரை அவர் விடவில்லை. பேர்கூடக் கேட்கவில்லை. யார் தாயே நீங்கள்?

மேலே நுழைவதற்கு முன் ஓர் ஆள் வந்து, "கழுகு வர்ற நேரம் சார், இருநூறு ரூபா கொடுங்க, சரியா அந்த இடத்துல நிக்க வைக்கிறேன்" என்றார். என் தோளில் இருந்த பெரிய லென்ஸைப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே, "தம்பி, கழுகு வராம எத்தனை வருஷம் ஆச்சுன்னு எனக்குத் தெரியும். பொய் சொல்லி சம்பாதிக்காத, சாமி மேல இருக்காரு" என்றாள். ஆள் காணாமல் போனார்.

கேமராப் பையையும் கைபேசியையும் ஒப்படைத்துவிட்டு உள்ளே போனோம். நான்கு வேதமும் மலையாக நிற்க, அதர்வண வேதச் சிகரத்தில் அவர் உட்கார்ந்திருக்கிறார். சந்நிதி சிறியது. வரிசை நெருக்கித் தள்ளிக்கொண்டே வந்தது. "நகருங்க நகருங்க" என்கிற சத்தம் எந்தக் கோயிலிலும் மாறாது. அம்மா முந்தானையிலிருந்து மஞ்சள் துணி முடிச்சை அவிழ்த்து வெள்ளிக் கண்மலரைக் குருக்களிடம் நீட்டினாள். "யாருக்கும்மா?" என்றார். "இவனுக்கு. வலது கண்ணு." குருக்கள் என் முகத்தை ஒருமுறை பார்த்தார். வரிசையை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். பேர், நட்சத்திரம் கேட்டுச் சங்கல்பம் செய்து, கண்மலரைச் சுவாமி பாதத்தில் வைத்துவிட்டுக் கற்பூர ஆரத்தி எடுத்தார்.

அப்போது நான் இடது கண்ணை மூடிக்கொண்டேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. படம் எடுக்கிற பழக்கமாக இருக்கலாம். வலது கண்ணால் மட்டும் பார்த்தேன். இருட்டுக்குள் சுடர் எழுந்தது. நேராக நின்றது. வீட்டில் அம்மா ஏற்றுகிற காமாட்சி விளக்கின் சுடர் எத்தனையோ நாள் எனக்கு மட்டும் கொக்கி போல வளைந்து தெரிந்திருக்கிறது. இங்கே அவர் திருமேனிக்கு முன்னால் ஒரு கோணல் இல்லாமல், நூல் பிடித்த மாதிரி நிமிர்ந்து நின்றது. சுடருக்குப் பின்னால் விபூதிப் பட்டை, அதன் மூன்று கோடும் நேர்க்கோடு. வில்வம் தெரிந்தது. லிங்கத் திருமேனியில் வழிந்த எண்ணெய்ப் பளபளப்பு தெரிந்தது. அப்பனே, எத்தனை ஏரியில், எத்தனை காட்டில் இந்தக் கண்ணை வைத்து என்னென்னவோ தேடினேன். நீ கொடுத்த கண் என்று ஒரு நாளாவது நினைத்தேனா? எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லோரும் பார்க்கிறார்களே என்றெல்லாம் தோன்றவில்லை. அறுவை செய்த மருத்துவரின் கையில் நின்றவரும் நீ, முட்டி தேய்ந்த ஒருத்தியைப் படிப்படியாக மேலே இழுத்துக்கொண்டு வந்தவரும் நீ. வேறு என்ன சொல்ல?

அம்மா அழவில்லை. தீபத்தைத் தொட்டு என் வலது கண்ணில் ஒற்றினாள். அப்புறம் கண்மலரை உண்டியலில் போட்டுவிட்டு, "முடிஞ்சுது" என்றாள், கடன் அடைத்த குரலில். சொக்கநாயகியையும் தரிசித்துவிட்டு வெளியே வந்தோம்.

கழுகுப் பாறைக்கு அவளே கூட்டிப்போனாள். பூசாரி ஒருவர் பித்தளைப் பாத்திரத்தோடு எங்கே உட்கார்ந்திருப்பார், பாட்டி எங்கே நின்றாள் என்று காட்டினாள். இப்போது பாறையில் ஒன்றும் இல்லை. ஏன் வருவதில்லை என்று கேட்டால் ஊரில் பாவம் பெருகிவிட்டது என்பார்கள். மாட்டுக்குப் போடுகிற டைக்ளோஃபெனாக் ஊசி மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது என்பதும், 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள் என்பதும் பறவை பார்க்கிற எங்களுக்குத் தெரியும். அம்மாவிடம் சொன்னேன். "அதுவும் பாவம்தானேடா" என்றாள். மாயாற்றுப் பள்ளத்தாக்குப் பக்கம் இன்னும் பாறுகள் இருக்கின்றன என்றதும் முகம் மலர்ந்தது.

"அந்தப் பாறையை ஒரு போட்டோ எடு, சித்திக்கு அனுப்பணும்." கேமராவைத் திரும்ப வாங்கி வந்தேன். உச்சி வெயில், வெளிச்சம் தட்டையாக விழுகிறது, பாறையில் பறவை இல்லை, பின்னால் வெளுத்த வானம். படம் எடுக்கிறவன் எவனும் பொத்தானைத் தொடமாட்டான். எடுத்தேன். கூழைக்கடா படங்களை அம்மா ஒழுங்காகப் பார்க்கக்கூட இல்லை. இந்தப் பாறைப் படத்தைத்தான் பிரிண்ட் போட்டுப் பூஜை அலமாரியில் வைத்திருக்கிறாள். சித்தி ஃபோனில் அரை மணி நேரம் அழுதாள்.

இறங்குகிற வழி தனி. கல் சுட்டது, ஏறியதைவிட இறங்குவதுதான் முட்டிக்கு வலி. வழியில் பல்லவர் குடைந்த ஒருகல் மண்டபத்தில் உட்கார்ந்தோம். அங்கே சுவரில் 17ஆம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்திலிருந்து வந்த டச்சுக்காரர்கள் பெயரைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். கோயில் சுவரில் கிறுக்குகிற புத்தி நம்மூர்ப் பையன்களுக்கு மட்டும் சொந்தமில்லை போலும். நல்ல நிழல், நல்ல பக்கவாட்டு வெளிச்சம். தூண்களைச் சில படம் எடுத்தேன்.

மலைக்குக் கீழே ஊருக்குள் இருக்கிற தாழக்கோயில் நடை சாத்தியிருந்தது. சங்கு தீர்த்தக் கரையில் புளிசாதம் சாப்பிட்டு மாலை வரை காத்திருந்தோம். திரிபுரசுந்தரி அம்மன் சந்நிதியில் கூட்டமே இல்லை, நின்று நிதானமாகப் பார்த்தோம். வருடத்தில் மூன்று நாள்தான் அவளுக்கு முழு அபிஷேகம் என்று அங்கே ஒரு பாட்டி சொன்னார்: ஆடிப்பூரம், நவராத்திரி நிறைவு, பங்குனி உத்திரம். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

பங்குனி உத்திரத்துக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தாயிற்று. கூட்டம் இதைப்போலப் பல மடங்கு இருக்கும் என்கிறார்கள். நல்லவேளை, தாழக்கோயிலுக்குப் படி இல்லை.