கைப்பையில் ஒரு கட்டு

விருதை வாங்கிய கையோடு அந்த அம்மா மேடையிலேயே கைப்பையைத் திறந்தார். ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு வாக்காளர் பதிவுப் படிவங்கள்.

"இன்னும் பதியாதவங்க யாரு? கை தூக்குங்க!"

எண்பது வயதிருக்கும். குரல் கணீரென்று இருந்தது.

அட்லாண்டாவில் இன்று மார்ட்டின் லூதர் கிங் நாள். எங்கள் பகுதிக்கு உழைத்தவர்களுக்குத் தேவாலயக் கூடத்தில் பாராட்டு.

1965 மார்ச்சில், கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போன இவர் தலைமுறை, அலபாமா மாநிலத்துச் செல்மா ஊர்ப் பாலத்தில் தடியடி பட்டது. ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. அக்டோபரில், பிறந்த நாட்டைப் பார்த்து ஆளெடுத்த பழைய குடியேற்ற ஒதுக்கீட்டை ஒழிக்கும் சட்டமும் கையெழுத்தானது.

தமிழர்கள் நாம் அமெரிக்காவுக்கு விசா வாங்கி வந்து இறங்கிய கதவு அது. அவர்கள் பட்ட அடிக்கும் அதில் பங்குண்டு.

சங்கத்துப் பொங்கல் விழாவுக்கு அந்த அம்மாவை அழைக்கச் சொல்லிச் செயலாளரிடம் கேட்டிருக்கிறேன்.