கைலோதொராக்ஸ் குழந்தைக்குக் கொழுப்பு நீக்கிய தாய்ப்பால்

இதய அறுவைச் சிகிச்சைக்குப் பின் சில குழந்தைகளுக்கு நுரையீரலைச் சுற்றி நிணநீர் கசிந்து தேங்கும்; இதுதான் கைலோதொராக்ஸ். தாய்ப்பாலின் நீள்சங்கிலிக் கொழுப்பு நிணநீர் வழியாகவே போவதால் கசிவு கூடும். அதற்காகத் தாய்ப்பாலையே நிறுத்தச் சொல்வது அநியாயம். கொழுப்பை எடுத்தால் போதும்.

மருத்துவமனையில், குளிரூட்டும் சென்ட்ரிஃபியூஜில் (வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் கருவி) 2 டிகிரி செல்சியஸில், நிமிடத்துக்கு 3000 சுற்று வீதம் 15 நிமிடம் சுழற்றினால் கொழுப்பு மேலே வெண்ணெய் போல இறுகும். குழாயை அசைக்காமல், படலத்தின் ஓரத்தை விலக்கி அடிப்பாலை மட்டும் சிரிஞ்சில் உறிஞ்ச வேண்டும். படலம் உடைந்தால் கொழுப்பு திரும்பக் கலந்துவிடும். ஃபிரிட்ஜில் வைத்து ஆடையெடுப்பதை நம்பாதீர்கள்; கொழுப்பு நிறையவே தங்கிவிடும்.

கொழுப்போடு கலோரியும் அத்தியாவசியக் கொழுப்பு அமிலங்களும் ஏ, டி, இ, கே வைட்டமின்களும் போய்விடும். கலோரிக்கு ஈடாக, நிணநீரைத் தொடாமல் நேரே ரத்தத்தில் சேரும் எம்சிடி (நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு) எண்ணெயை, டயட்டீஷியன் சொன்ன அளவில் சேர்ப்பார்கள். அது பிரிந்து மிதக்கும், ஃபீடிங் ட்யூபிலும் ஒட்டும். ஆகவே ஒவ்வொரு வேளையும் கொடுக்கும் நேரத்தில் கலக்குங்கள்.